மயில்நீல டிராம்போன்

கொக்குக்கு இசைக் கல்லூரியில் இடம் கிடைத்துவிட்டது என்ற செய்தி தெருவெல்லாம் பரவி, வாழ்த்துச் சொல்ல வந்தவர்களெல்லாம் வந்து போன பிறகுதான், கல்லூரியில் கொடுத்த தாளைத் திருப்பிப் பார்க்க வேண்டும் என்று அவனுக்குத் தோன்றியது. பின்பக்கத்தில் பொடி எழுத்தில் விதிகள் இருந்தன. ஒவ்வொரு மாணவரும் தமக்கான கருவியைத் தாமே தேர்ந்தெடுத்து வந்து, கருவித் தேர்வுக் குழுவின் முன் வைத்து அங்கீகாரம் பெற வேண்டும். பெறாதவர் வணிகக் கடிதப் பயிற்சி வகுப்புக்கு மாற்றப்படுவார். கருவியின் பூர்வீகத்தைப் பற்றிப் பொய் சொல்கிறவருக்குக் கல்லூரியில் இடமே கிடையாது.

அவன் உயரத்தையும் கை நீளத்தையும் பார்த்துத் தெருப் பிள்ளைகள் வைத்த பெயர்தான் கொக்கு. அதே கையைப் பார்த்துத்தான் பள்ளிக்கூட பேண்டு வாத்தியாரும், நீளக் குழாயை இழுத்து இழுத்து ஊதும் டிராம்போனை அவனிடம் நீட்டினார். "இந்த ஸ்லைடைக் கடைசி வரைக்கும் இழுக்க உன்னை விட்டா இங்க யாருக்கும் கை கெடயாது" என்றார். இழுத்தான், ஊதினான், அதோடு அவனுக்கு வேறு ஆசைகள் ஒழிந்தன. ஆனால் அது பள்ளிக்கூடத்துச் சொத்து. பள்ளியை விட்டபோது அதையும் விட்டுவிட்டு வந்தான்.

"இப்ப அதுக்கு எங்கடா போறது?" என்றாள் அம்மா.

போக வேண்டியிருக்கவில்லை. அப்பா அடிபட்ட கார்களுக்கு டிங்கர் வேலையும் பெயின்ட் வேலையும் செய்கிறவர். வீட்டை ஒட்டினாற்போலவே பட்டறை. அந்த வாரம் லாரியோடு மோதி மூஞ்சி சப்பையாகி வந்திருந்த ஒரு காரின் டிக்கியில், ஸ்டெப்னிக்கு அடியில், பழைய டிராம்போன் ஒன்று நசுங்கிக் கிடந்தது. கார்க்காரரிடம் கேட்டார். "அதுவா? எங்க மாமனாரோடது. எங்கயாவது தூக்கிப் போடுங்க, சனியன்" என்றார் அவர்.

அப்பா தூக்கிப் போடவில்லை. மரச் சுத்தியலால் தட்டித் தட்டி, நசுங்கிய புனல் வாயை ஓரளவு வட்டமாக்கினார். வட்டம் என்று அவர் சொன்னார். ஒரு பக்கம் கொஞ்சம் கோணல்தான். கொக்கு ஸ்லைடுக்கு எண்ணெய் போட்டு, வாயில் வைத்து ஒரு நீண்ட சுரம் ஊதினான். பட்டறைத் தகரமெல்லாம் அதிர்ந்தது.

"கப்பல் கெளம்பற மாதிரி இருக்குடா!" என்றார் அப்பா. கப்பலை அவர் படத்தில்தான் பார்த்திருக்கிறார். "ஊது, இன்னொரு தடவை ஊது." அவன் ஊத ஊத, கையில் சுத்தியலோடு சிரித்துக்கொண்டே நின்றார். பிறகு, "சரி, குடு. கொஞ்சம் ஃபினிஷிங் பண்ணித் தரேன்" என்றார்.

என்ன ஃபினிஷிங் என்று கொக்கு கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை.

குழுவின் முன் போய் நிற்க வேண்டிய அன்று காலையில் பட்டறைக்குள் போனவன் அப்படியே நின்றான். டிராம்போன் கம்பியில் தொங்கிக்கொண்டிருந்தது. மயில்நீலம். யாரோ பெரிய மனிதர் காருக்கு அடித்ததுபோக டப்பாவில் மிச்சமிருந்த பெயின்ட். பட்டி பார்த்து, உப்புத்தாள் போட்டு, கம்ப்ரஸரில் அடித்து, மெழுகு தேய்த்திருந்தார். வெயில் பட்டதும் நீலத்துக்குள் வெள்ளிப் பொடி மின்னியது.

"பித்தளை வெளிறிப் போய் இருந்துச்சு" என்றார் அப்பா. "பெரிய எடத்துக்குப் போவுது, மட்டமாத் தெரியக் கூடாதில்ல? உள் குழாயை மட்டும் தொடல, நீ சொல்லியிருந்தியே. எப்படி இருக்கு?"

கொக்கு கிட்டே போய் அந்த நீலத்தை ஒரு விரலால் தடவினான்.

"நல்லாருக்குப்பா."

அந்த விஷயத்தில் அவன் சொன்ன முதல் பொய் அது. அது அப்படியொன்றும் பெரிய பொய் இல்லை.

*

இசைத் துறையின் வராந்தாவில் வரிசையாக 'அமைதி காக்கவும்' என்று பலகைகள் தொங்கின. மாணவர்கள் வெல்வெட் வைத்த பெட்டிகளோடும் கோட்டுப் போட்ட அப்பாக்களோடும் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள். கொக்குவின் டிராம்போன் பழைய கார் சீட்டு உறை ஒன்றில் சுற்றப்பட்டு அப்பாவின் மடியில் கிடந்தது. அவர் கல்யாணங்களுக்குப் போடும் சட்டையைப் போட்டுக்கொண்டு வந்திருந்தார். தலையைப் படிய வாரியிருந்தார். "மைக்கு எங்கடா இருக்கும்? நீ எங்க நின்னு ஊதுவ?" என்று இரண்டு மூன்று தரம் கேட்டார். பக்கத்தில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்ததும் கொக்கு கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தான்.

முன்னால் போன பெண் ஒருத்தி டிரம்பெட்டோடு அழுதுகொண்டே வெளியே வந்தாள்.

"என்ன ஆச்சு?" என்றான் கொக்கு.

"இதோட வாய் கொட்டாவி விடற மாதிரி இருக்காம். குழுவுக்கே தூக்கம் வருதாம். முக்கோணம் எடுத்துக்கோன்னுட்டாங்க. கம்பியால தட்டுவாங்களே, அது."

"ஊதிக் காட்டினியா?"

"ஊதறதா? வாய்கிட்டக் கொண்டு போனதுக்கே அந்த மேடம் காதைப் பொத்திக்கிட்டாங்க."

கொக்குவை அழைத்தார்கள். அப்பாவும் கூடவே எழுந்து, சுமையைக் குழந்தையைத் தூக்குவது போலத் தூக்கிக்கொண்டு உள்ளே வந்தார்.

பெரிய மேஜைக்குப் பின்னால் துறைத் தலைவர் வெள்ளைக் கையுறையோடு உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் குழுவின் செயலர், கண்ணாடி போட்ட அம்மாள், தலைவர் வாயிலிருந்து விழுவதையெல்லாம் எழுதிக்கொண்டிருந்தார்.

"முதல்ல ஒண்ணு புரிஞ்சுக்கோ" என்றார் தலைவர். "வாசிக்கிறவன் வருவான், போவான். கருவிதான் நிக்கும். அதனால நாங்க இங்க வாசிப்பைப் பாக்கறதில்ல. அது தெருவுலயே கெடைக்குது. நான் இந்த நாற்காலில ஒக்காந்ததுலருந்து எந்தக் கருவியையும் ஊதச் சொன்னது கெடயாது. ஏன்னு கேளு."

"ஏன் சார்?"

"ஊதினா அபிப்பிராயம் மாறிடும். குழு முடிவெடுக்கற நேரத்துல அபிப்பிராயம் மாறலாமா?"

"மாறலாமா" என்று செயலர் எழுதினார்.

அப்பா சீட்டு உறையைப் பிரித்தார். செயலர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டிப் பார்த்தார். நீலம் போகவில்லை. தலைவர் டிராம்போனைப் பார்த்தார், அதைப் பிடித்திருந்த கையைப் பார்த்தார். பிறகு பேனாவை நீட்டி, "இது யாரு?" என்றார்.

கொக்குவும் அந்தக் கையைப் பார்த்தான். பிறந்ததிலிருந்து பார்த்த கைதான். தலைவர் பார்த்த பிறகு அது வேறு கையாகத் தெரிந்தது. ஒவ்வொரு நகத்துக்கடியிலும் நீலக்கோடு. காலரின் ஓரத்தில் ஒரு சொட்டு. வெளியே பெஞ்சில் இருந்த கோட்டுகளும் கைக்கடிகாரங்களும் அவன் கண் முன்னால் வந்து போயின. இவர் யார் என்று சொன்னால், அடுத்த கேள்வி இதற்கு வண்ணம் அடித்தது யார் என்பதாகத்தான் இருக்கும்.

"வண்டி ஓட்டறவரு சார்" என்றான். "இதைக் கொண்டு வந்தாரு."

சொல்லிவிட்டான். திரும்பிப் பார்க்கத் தைரியம் வரவில்லை. முதுகுக்குப் பின்னால் தொண்டையைச் செருமும் சத்தம் கேட்டது.

"ஆமாங்கய்யா. டிரைவருங்க" என்றது அப்பாவின் குரல். அத்தோடு விட்டிருக்கலாம். பையன் சொன்னது போதாதோ என்று அவருக்குத் தோன்றியிருக்க வேண்டும். "நீளமான சாமானுங்க. தம்பி பஸ்ல கொண்டாந்தா இடிபடும்னு வீட்ல அனுப்பி வெச்சாங்க."

"டிரைவருங்கல்லாம் வெளில நிக்கணும்" என்றார் செயலர். "பூர்வீக விசாரணை நடக்கற எடம்."

அப்பா டிராம்போனை மேஜைமேல் வைத்தார். சத்தம் வராமல் கதவைச் சாத்திக்கொண்டு போனார்.

"செஞ்சது யாரு?" என்றார் தலைவர்.

ஒரு பொய்யைத் தனியாக விட முடியாது என்று அப்போதுதான் கொக்குக்குத் தெரிந்தது. "வெளிநாடு சார். அங்க ஒரு பெரியவரு... எப்பவாவது ஒண்ணுதான் செய்வாராம்."

தலைவர் முகம் மலர்ந்தது. தெரியாது என்று சொல்லிப் பழக்கமில்லாத முகம் அது. "மலைப் பக்கம் இருப்பாரே?"

"ஆமா சார்."

"அவரேதான். நான் அங்க போயிருந்தப்ப பாத்துடலாம்னு பாத்தேன். யாரையும் பாக்க மாட்டாரு."

"யாரையும் பாக்க மாட்டாரு சார்."

"நீலம்தான் அடிப்பாரு."

"நீலம்தான் சார்."

தலைவர் கையுறை விரலால் டிராம்போனைத் தடவினார். அப்பாவின் சுத்தியலுக்கு அடங்காத அந்தக் கோணல் வந்ததும் விரல் நின்றது.

"பாத்தீங்களா மேடம்? வேணும்னே ஒரு கோணல் விட்டிருக்காரு. கண்ணேறு படக் கூடாதுன்னு. பித்தளையை ஏன் மறைச்சாரு? பித்தளை பேசக் கூடாது. நிறம் பேசணும்!"

"நிறம் பேசணும்" என்று எழுதிய செயலர், அடியில் ஒரு கோடும் போட்டார். கருவிக்குக் கிடைத்தது முதல் தரம்.

கொக்கு வெளியே வந்தபோது அப்பா பட்டறை வண்டியில் ஸ்டீயரிங்கைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார்.

"கெடச்சிச்சா?"

"கெடச்சிச்சுப்பா. முதல் தரம்."

"பாத்தியா? கலருதான் தூக்கிக் குடுத்துச்சு" என்று வண்டியைக் கிளப்பினார். கொஞ்ச தூரம் போன பிறகு, ரோட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "நகத்தை நல்லாத் தேச்சுத்தான் பாத்தேன். தின்னர் போட்டும் போவல."

கொக்கு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று தோன்றியது. அந்த வளைவு தாண்டியதும் கேட்கலாம் என்று நினைத்தான். வளைவுகள் நிறைய இருந்தன. வீடு வந்துவிட்டது.

*

கல்லூரி தொடங்கியது. முதலாண்டு மாணவர்கள் கருவியை ஏந்தி நிற்பதற்கும், இரண்டாம் ஆண்டு மாணவர்கள் துடைப்பதற்கும் பழக வேண்டும். மூன்றாம் ஆண்டில் ஊதலாம். ஆனால் அப்போது பரீட்சை இருக்கும். கொக்கு நெஞ்சுக்கு நேராக டிராம்போனைப் பிடித்தபடி வகுப்பு முடியும் வரை நிற்பான். மற்றவர்கள் அவனையே பார்ப்பார்கள். அந்த நீலத்தைக் கிட்ட வந்து பார்ப்பார்கள். ஒவ்வொரு பார்வைக்கும் அவன் உடம்பு கூசியது. அவர்கள் பொறாமையில் பார்த்ததை அவன் விசாரணையாக எடுத்துக்கொண்டான்.

தலைவர் இதற்குள் 'நீல ஒலிக் கோட்பாடு' என்று ஒன்றை எழுதிவிட்டார். கருவியின் ஓசை அதன் நிறத்திலிருந்து வருகிறது, காற்று வெறும் கூலி என்பது அதன் சாரம். நீலம் என்ன ஓசை கொடுக்கும் என்று கேட்ட புல்லாங்குழல் ஆசிரியரை நூலகத்துக்கு மாற்றினார்கள். அங்கே அவர் நிம்மதியாகப் புல்லாங்குழல் வாசிப்பதாகக் கேள்வி.

கடைசியில், துறையிலிருக்கும் பித்தளைக் கருவிகள் அத்தனையும் நீலமாக வேண்டும் என்று முடிவாயிற்று. மலைப் பெரியவரைக் கேட்கலாமா என்று கொக்குவைக் கூப்பிட்டு விசாரித்தார்கள். அவர் இப்போது கண் தெரியாமல் இருக்கிறார் என்று சொல்லித் தப்பித்தான். "அப்ப இன்னும் நல்லா அடிப்பாரு" என்றார் தலைவர். வேறு வழி இல்லாமல் அவர் இறந்துவிட்டதாகச் சொல்ல வேண்டியதாயிற்று. துறையே எழுந்து மௌனமாக நின்றது. கொக்குவும் நின்றான், தலையைக் குனிந்துகொண்டு. துக்கத்தில் குனிந்ததாக எல்லாரும் எடுத்துக்கொண்டார்கள்.

ஒரு நாள் சாயங்காலம் கல்லூரி விட்டு வந்தவன் பட்டறை வாசலில் கல்லூரி வேன் நிற்பதைப் பார்த்தான். உள்ளே செயலர் அம்மாள் ஒரு டயர் மேல் கைக்குட்டை விரித்து உட்கார்ந்திருந்தார். தரையெல்லாம் டிரம்பெட், டியூபா, டிராம்போன். கொக்கு சட்டென்று ஒரு நொறுங்கிய காரின் பின்னால் குனிந்தான்.

"கார் பெயின்ட்டுக்கு ஒங்க பட்டறையத்தான் சொன்னாங்க. அசலுக்குப் பக்கத்துல கூட வராதுன்னு தெரியும்" என்று செயலர் சொல்லிக்கொண்டிருந்தார். "ஏதோ ஒரு போலி. கண்ணுக்கு நீலமாத் தெரிஞ்சா போதும். ஆமா, ஒங்கள எங்கயோ பாத்த மாதிரி இருக்கே?"

"அந்தத் தம்பி வீட்டுக்கு வண்டி ஓட்டறனுங்க. இது சைடு வேலை" என்றார் அப்பா.

தண்ணீரோடு வந்த அம்மா பாதி வழியில் நின்றாள். "எந்தத் தம்பி வீட்டுக்கு? மேடம், எங்க பையனும் உங்க காலேஜ்லதான்..."

"நீ உள்ள போ" என்றார் அப்பா. அப்படி அவர் அம்மாவிடம் பேசி யாரும் கேட்டதில்லை. அம்மா தம்ளரோடு விழித்தாள். அவள் கண், உடைந்த கார்க் கண்ணாடி வழியாக, அந்தப் பக்கம் குந்தியிருந்த மகன் மேல் போய் நின்றது. அவன் உதட்டில் விரலை வைத்துக் காட்டினான். அம்மாவுக்கு எல்லாம் விளங்கிவிட்டது. தம்ளரைச் செயலர் கையில் கொடுத்துவிட்டுப் பேசாமல் உள்ளே போனாள்.

வேன் போன பிறகு அவள் வாசலுக்கு வந்தாள். "பெத்தவனை டிரைவர்னு சொன்னியாடா?"

கொக்கு காரின் பின்னாலிருந்து எழுந்து வந்தான்.

"விடு" என்றார் அப்பா, டியூபாவைத் திருப்பிப் பார்த்துக்கொண்டே. "சீட்டு கெடைக்கணும்னா ஆயிரம் இருக்கும். நானும் ஒத்துக்கிட்டேன்ல?"

"நீங்க ஒத்துக்குவீங்க. அவன் எப்படிச் சொல்லலாம்?"

அன்றைக்கு அம்மா அவனுக்குச் சாப்பாடு போட்டாள். பக்கத்தில் உட்காரவில்லை. அவன் தட்டையே பார்த்துக்கொண்டு சாப்பிட்டு முடித்தான்.

*

நீலக் கருவிகளின் தொடக்க விழா கல்லூரி அரங்கில் நடந்தது. மேடையில் மாணவர்கள் ஆளுக்கொரு நீலத்தை ஏந்தி நின்றார்கள். தலைவர் கோட்பாட்டை விளக்கப் பேச ஆரம்பித்து, தான் அதைக் கண்டுபிடித்த விதத்தை விளக்கி, தன்னை ஏன் இதற்குமுன் யாரும் கண்டுபிடிக்கவில்லை என்று வருத்தப்பட்டார். பிறகு கைகாட்டினார். கருவிகளை வண்டியில் கொண்டு வந்து இறக்கிவிட்டு அரங்கின் ஓரமாக நின்றிருந்த அப்பாவை மேடைக்குக் கூட்டி வந்தார்கள். அதே கல்யாணச் சட்டை. கையை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியாமல் பின்னால் கட்டிக்கொண்டார்.

தலைவர் ஒரு கையில் கொக்குவின் டிராம்போனையும் மறு கையில் கல்லூரி டிராம்போனையும் உயர்த்தினார்.

"இது ஒரு மேதை செஞ்சது. இது" என்று அப்பா பக்கம் தலையை ஆட்டி, "இவர் செஞ்சது. குறை சொல்லல. பாவம், அவரால முடிஞ்சது. ஆனா கண்ணு உள்ளவங்க பாத்துக்குங்க! அசல்ல நீலம் உள்ளேருந்து வருது. போலில மேல ஒட்டிட்டு இருக்கு. கலைஞனுக்கும் கூலிக்காரனுக்கும் இதுதான் வித்தியாசம். ஒருத்தனோட கையைப் பாத்தே நான் சொல்லிடுவேன், இதுல கலை இருக்கா இல்லையான்னு. என் கண்ணு இதுவரைக்கும் தப்பினதில்ல."

அரங்கம் கைதட்டியது. அப்பாவும் தட்டினார். தன்னைப் பற்றித்தான் பேசுகிறார்கள், தட்டாவிட்டால் மரியாதையாக இருக்காது என்று அவர் நினைத்திருக்கலாம்.

"அசலுக்குச் சொந்தக்காரர் சொல்லட்டும்" என்று தலைவர் மைக்கைக் கொக்குவிடம் நீட்டினார். "ரெண்டுக்கும் என்ன வித்தியாசம், தம்பி?"

கொக்கு அப்பாவைப் பார்த்தான். அவர், சொல்லு, பயப்படாதே என்பது போலத் தலையை அசைத்தார். போலியைத் திட்டுவதற்குத்தான் பையன் தயங்குகிறான் என்று நினைத்து அனுமதி கொடுக்கிறார். அதற்கு மேல் கொக்குவால் தாங்க முடியவில்லை.

"வித்தியாசமே இல்ல சார்" என்றான். குரல் உடைந்து மைக்கில் கரகரத்தது. "ரெண்டும் ஒரே கார் பெயின்ட். ரெண்டுக்கும் அடிச்சது இவருதான். மலைல பெரியவருன்னு யாரும் இல்ல. இவரு டிரைவர் இல்ல. எங்கப்பா. நான் பொய் சொன்னேன்."

செயலர் தலைவர் காதருகே குனிந்து, "பூர்வீகப் பொய்னா இடம் ரத்து சார். இன்னைக்கே வெளியேத்தணும்" என்றார். மைக் அருகில் இருந்ததால் அது கடைசி வரிசை வரை கேட்டது. அப்பாவுக்கும் கேட்டது.

தலைவர் முகத்தில் ரத்தமே இல்லை. கோட்பாடு, விழா, கண் எல்லாம் அந்த ஒரு நிமிஷத்தில் தொங்கிக்கொண்டிருந்தன. "என்னப்பா" என்று அப்பா பக்கம் திரும்பினார். கிட்டத்தட்ட கெஞ்சுவது போலக் கேட்டார். "இவன் சொல்றது நெசமா?"

அப்பா மகனைப் பார்த்தார். பிறகு இரண்டு டிராம்போன்களையும் பார்த்தார். பின்னால் கட்டியிருந்த கைகளை முன்னால் கொண்டு வந்து கூப்பினார்.

"இல்லீங்கய்யா" என்றார். "தம்பிக்கு இளகின மனசு. என்னைக் கூலின்னு சொன்னீங்கல்ல, அது பொறுக்காம அப்படிச் சொல்றாரு. நான் டிரைவர்தாங்க. அது அசல், இது போலி. பாத்தாலே தெரியுதுங்களே."

"அப்பா!" என்றான் கொக்கு.

"பாருங்க, இப்பவும் சொல்றாரு" என்றார் அப்பா, அரங்கத்தைப் பார்த்துச் சிரிக்க முயன்றுகொண்டே.

தலைவருக்கு உயிர் திரும்பி வந்தது. வந்த உயிர் நேராக மைக்குக்குப் போயிற்று. "கேட்டீங்களா? ஒரு சாதாரண ஆளைக் கூசாம அப்பான்னு கூப்பிடறான்! இந்தப் பணிவு இவனுக்கு எங்கேருந்து வந்துச்சு? வீட்லேருந்தா? இல்ல. நம்ம துறைலேருந்து. ஏந்தி நிக்கற பயிற்சிலேருந்து!" அந்த இடத்திலேயே பணிவுப் பதக்கம் ஒன்றை நிறுவுவதாக அறிவித்தார். வேறு பதக்கம் கைவசம் இல்லாததால், போன வருஷம் ஓட்டப் பந்தயத்தில் மிஞ்சியது ஒன்றைக் கொண்டு வரச் செய்து கொக்குவின் கழுத்தில் மாட்டினார். குனிய வேண்டியிருந்தது. குனிந்தான். கைதட்டல் நிற்க வெகுநேரமாயிற்று. கண்ணீர் அவன் மூக்கு நுனியிலிருந்து பதக்கத்தின் மேல் சொட்டியது. புகைப்படக்காரர் அதைத்தான் எடுத்தார்.

அவன் நிமிர்ந்தபோது அப்பா மேடையில் இல்லை.

கொக்கு பதக்கத்தைக் கழற்றித் தலைவரின் நாற்காலியில் வைத்தான். தன் டிராம்போனைத் தூக்கிக்கொண்டு படியிறங்கினான். "குழுப் படம் எடுக்கணும், எங்க போற?" என்று செயலர் கூப்பிட்டது கேட்டது. நிற்கவில்லை.

அரங்கின் பின்புறம் வண்டிகள் வரிசையாக நின்றன. சின்னதும் பெரிதுமாக நிறைய வண்டிகள். ஒவ்வொன்றின் பக்கத்திலும் ஒரு ஆள் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டோ, சும்மா சாய்ந்துகொண்டோ நின்றிருந்தார். உள்ளே பிள்ளைகளின் விழா நடந்துகொண்டிருந்தது. கைதட்டல் வரும்போது சிலர் அரங்கத்தை ஒருமுறை நிமிர்ந்து பார்த்துக்கொண்டார்கள். வரிசையின் கடைசியில் அப்பா அவனுக்கு முதுகு காட்டிக்கொண்டு காலி உறைகளை மடித்து வண்டியில் போட்டுக்கொண்டிருந்தார்.

"அப்பா!" என்று கொக்கு கத்தினான். பள்ளிக்கூடத்தில் ஊதிப் பழகிய மூச்சு. சுவரில் பட்டு எதிரொலித்தது.

அந்த வரிசையில் நின்றிருந்த டிரைவர்களில் நாலைந்து பேர் சட்டென்று திரும்பிப் பார்த்தார்கள்.

கொக்கு ஒவ்வொரு முகமாகப் பார்த்தான். கால் நகரவில்லை. அப்பாதான் உறையைப் போட்டுவிட்டு வேகமாக அவனிடம் வந்தார். வந்தவர் அரங்க வாசலை ஒரு பார்வை பார்த்துவிட்டு, அவன் கையிலிருந்த டிராம்போனை வாங்கிக்கொண்டார்.

"மெதுவாக் கூப்பிடுடா" என்றார். "யாரு காதுலயாவது விழுந்துடப் போவுது."

திரும்பிப் பார்த்த மற்றவர்கள், தங்களை யாரும் கூப்பிடவில்லை என்று தெரிந்ததும், ஏற்கெனவே துடைத்த கண்ணாடிகளை மறுபடியும் துடைக்கத் தொடங்கினார்கள்.